எதாலை போவியள் என்று கேட்டவ

அன்றைக்கு அந்தக் கந்தோரில் இருந்தது எட்டுப் பேர். மேசைக்குப் பின்னால் காணிப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு ஐயா. சுவரோரத்து வாங்கில் நான், என் மனிசன், எங்கள் மகள். எதிரே கதிரைகளில் மாப்பிள்ளையின் தாய், மாப்பிள்ளையின் தமையன். கதவு நிலையில் சாய்ந்தபடி, சாட்சிக் கையெழுத்துக்குக் கூப்பிட்டு வந்த பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர், தோளில் ஈரத் துவாயோடு. யன்னலோரம் ரைப் மிசினுக்கு முன்னால் அவ. மாப்பிள்ளை கனடாவில், அதனால் அவரைச் சேர்க்கவில்லை.

பிறகு ஆளாளுக்கு ஒவ்வொரு கதை சொன்னபடியால்தான் எட்டுப் பேரையும் எண்ணி வைத்திருக்கிறேன். எனக்கு எதையும் எண்ணி வைக்காவிட்டால் நித்திரை வராது.

எழுத வந்தது மகளின் சீதன உறுதி, வீட்டை அவள் பேருக்கு மாற்றுகிற பத்திரம். எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான் போகும். என் தாய் எனக்கு எழுதினா, நான் மகளுக்கு எழுத வேண்டும். அது நான் பிறந்ததிலிருந்து தெரிந்த விசயம்தான். ஆனாலும் முதல் நாள் இரவு முழுக்க எழும்பி எழும்பி அறை அறையாகப் போய்ப் பார்த்துக்கொண்டு திரிந்தேன்.

நொத்தாரிசு ஐயா சொல்லச் சொல்ல அவ அடித்துக்கொண்டு போனா. "நான்கு எல்லைகளுக்கும் உட்பட்ட நிலமும், கல்வீடும், கிணறும், மலகூடமும், பயன்தரு மரங்களும் முழுவதும்..." அந்த 'முழுவதும்' வந்த இடத்தில் மிசின் நின்றது. அவ கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தா.

"அக்கா, உறுதி முடிஞ்சு அடுத்தநாள் விடிய எழும்பிக் கக்கூசுக்கு எதாலை போவியள்?"

தேத்தண்ணிக் கடைக்காரர் சிரித்துவிட்டார். எனக்குக் காது சுட்டது.

அவவுக்கு அதுதான் பழக்கம். பருத்தித்துறை பஸ் நிலையத்துக்குப் பின் வீதியில் இருந்த அந்தக் கந்தோருக்குப் போய் வந்த எல்லாருக்கும் அது தெரியும். ஊரில் ரைப்பிஸ்ட் அக்கா என்பார்கள். என்னைவிடப் பத்து வயது குறைந்தவ, நான் பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். மெலிந்த உடம்பு. மூக்குக் கண்ணாடியின் ஒரு காது உடைந்து, அதிலே கறுப்பு நூல் சுற்றியிருக்கும். ஒரு வீட்டைப் பற்றி யாரும் கதைக்கத் தொடங்கினால் அவவின் ஆட்காட்டி விரல் மேசையிலே ஊரத் தொடங்கிவிடும். படலை, முற்றம், விறாந்தை, குசினி, கிணறு. விரல் எங்கேயாவது முட்டி நின்றால் அவவும் மிசினை நிறுத்திவிடுவா. "எதாலை போறது?" என்று வழி கேட்பா. அந்தக் கேள்விக்கு மறுமொழி வராமல் அடுத்த எழுத்தை அடிக்கமாட்டா.

"பிள்ளை, அடிக்கச் சொன்னதை அடி," என்று நொத்தாரிசு ஐயா சலித்துக்கொள்ளுவார். ஆனால் அவரும் பேனையை வைத்துவிட்டு மறுமொழிக்குக் காத்திருப்பார்.

எனக்கு அவவைத் தெரிய வந்தது, எங்கள் வீட்டு உறுதி துலைந்த கதையால். இடம்பெயர்ந்து ஓடின ஓட்டத்தில் உறுதி வைத்த தகரப் பெட்டி எந்தத் தாழ்வாரத்தில் விடுபட்டதோ தெரியாது. திரும்பி வந்து வீட்டைத் துப்பரவாக்கிக் குடியிருந்த பிறகும் எனக்கு அது ஒரே யோசனை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கடுதாசி என்றாலே பயம். கந்தோருக்குப் போய் அவவின் மேசைக்குப் பக்கத்தில் நின்று மெதுவாகக் கேட்டேன்.

"பிள்ளை, உறுதி துலைஞ்சால் காணியும் போயிடுமோ?"

"கடுதாசிதான் துலைஞ்சது அக்கா. காணி அங்கைதானே கிடக்கு? காணிக் கந்தோரிலை பதிவு இருக்கும். பிரதி எடுக்கலாம்."

"பக்கத்து வளவுக்காரர் நாங்கள் இல்லாத நேரம் கோடிப் பக்கம் மரவள்ளி நட்டிருக்கினம். பத்து வருசம் பயிர் செய்தால் அவைக்குச் சொந்தமாமே?"

"நட்டு எத்தினை வருசம்?"

"ரெண்டு."

"அப்ப இன்னும் எட்டு வருசம் நித்திரை கொள்ளலாம். கொள்ளாமல் நாளைக்கே போய், இது எங்கடை எண்டு நாலு பேருக்கு முன்னாலை சொல்லிப்போட்டு வாங்கோ."

போய்ச் சொன்னேன். அவர்கள் பேசாமல் மரவள்ளியைக் கிண்டிக்கொண்டு போனார்கள், எனக்கும் இரண்டு கிழங்கு தந்தார்கள். அதற்குப் பிறகும் நான் விடவில்லை. எல்லைக் கல்லு சரிந்தால் என்ன செய்வது, வேலி பூவரசு அவர்கள் பக்கம் வளைந்தால் மரம் யாருக்கு, என் வீட்டை விற்க மனிசன் கையெழுத்து வைக்கவேண்டுமா என்று மாதத்துக்கு ஒரு கேள்வி. மனிசன் கையெழுத்து வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இவரிடம் வந்து சொன்னேன். "அப்ப எனக்கும் ஒரு மதிப்பிருக்கு," என்றார். எங்கள் வீட்டில் அவர் பகிடி விட்டது அன்றைக்கு மட்டும்தான்.

ஒருநாள் நான் வாங்கில் இருக்கும்போது அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தார்கள். தகப்பனின் எட்டுப் பரப்புக் காணியைப் பிரிக்க வேண்டும். வீதிப் பக்கம் நாலு பரப்பு அண்ணனுக்கு, பின்பக்கம் நாலு பரப்பு தம்பிக்கு. சந்தோசமாகத்தான் வந்தார்கள், கையில் சோடாப் போத்தல்கூட இருந்தது. அவவின் விரல் மேசையில் ஊர்ந்து போய் நின்றது.

"தம்பி, நாளைக்கு உங்கடை வீட்டிலை ஒரு செத்தவீடு நடந்தால், பிரேதம் எதாலை வெளிக்கிடும்?"

தமையன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினான். "உமக்கு விசரோ? அவன் கலியாணம் முடிச்சு ஆறு மாசம். அவனைப் பாத்துச் செத்தவீடு எண்டுறீர்!"

தம்பிக்காரன், "அண்ணை இருக்கிறார்தானே அக்கா, அவரின்ரை வளவுக்குள்ளாலை விடுவார்," என்றான்.

"அண்ணை விடுவார். அண்ணையின்ரை மருமோன் விடுவானோ?"

இரண்டு பேரும் சோடாப் போத்தலோடு எழும்பிப் போய் வேறு நொத்தாரிசிடம் எழுதினார்கள். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு தம்பி தனியாக வந்து அதே வாங்கில் குந்தினான். முகம் கறுத்திருந்தது. தமையன் வீட்டுக்காரி வேலி அடைத்துப் படலைக்குப் பூட்டுப் போட்டுவிட்டாவாம். நான் சொன்னேன்தானே என்று அவ சொல்லவில்லை. கடுதாசியை மிசினுக்குள் செருகிக்கொண்டு, "எத்தினை அடி விடுறாராம்?" என்று மட்டும் கேட்டா.

"மூண்டடி."

"தூக்கிக்கொண்டு வாற நாலு பேருக்கும் காணாது. ஆறு கேளுங்கோ."

இப்படியான ஆளை ஊருக்குப் பிடிக்குமா? கலியாண உறுதிக்கும் புதுவீட்டு உறுதிக்கும் போகிற ஆட்கள் அவ லீவில் நிற்கிற நாளை விசாரித்துப் போனதும் உண்டு. நல்ல காரியம் செய்யப் போகிற இடத்தில் கக்கூசையும் பாடையையும் பற்றிக் கேட்கிறா என்று குறை. எனக்கு அவ பிடிக்கும். நான் மனதுக்குள் பயந்துகொண்டு கிடக்கிறதை எல்லாம் அவ வாய்விட்டுக் கேட்டுவிடுவா.

ஒரு தரம் வெங்காயம் கிண்டின நேரம் நாலு பிடி கட்டி எடுத்துக்கொண்டு அவ இருந்த இடத்துக்குப் போனேன். அவவுக்குச் சொந்த வீடு இல்லை. கந்தோரிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி, யாரோ ஒருவரின் வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை, வாடகைக்கு. முன் படலை பூட்டிக் கிடந்தது. எப்படிப் போவதென்று தெரியாமல் நின்றேன். அவ பக்கத்து வளவு வேலிப் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டி, "இதாலை குனிஞ்சு வாங்கோ அக்கா," என்றா. குனிந்து போனேன். சீலை கிழுவை முள்ளில் மாட்டிக்கொண்டது.

"இது ஆரின்ரை வளவு பிள்ளை?"

"பக்கத்து வீட்டு மனிசியின்ரை."

"எழுத்திலை பாதை இருக்கோ?"

சீலையை முள்ளிலிருந்து எடுத்துவிட்டுக்கொண்டே சிரித்தா. "இல்லை. இண்டைக்கு மனிசிக்கு நல்ல முகம். நாளைக்குத் தெரியாது." அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவ தந்த தேத்தண்ணியில் சீனி கூட.

இனி அந்த எட்டுப் பேர் இருந்த நாளுக்கு வருகிறேன். கேள்வி கேட்டவுடன் மாப்பிள்ளையின் தாய்க்குப் பத்திக்கொண்டு வந்தது.

"ஏன் பிள்ளை, நாங்கள் என்ன கக்கூசைப் பூட்டி வைக்கிற ஆக்களோ?"

"நான் ஆக்களைப் பற்றிக் கேக்கேல்லை மாமி. முழுவதும் எண்டு அடிச்சால் கக்கூசும் அதுக்கைதான். உறுதி முடிஞ்சால் இவை ரெண்டு பேரும் உங்கடை மருமோளின்ரை வீட்டிலை இருக்கிற ஆக்கள். அதைத்தான் சொல்லுறன்."

நொத்தாரிசு ஐயா தொண்டையைச் செருமினார். "சீவிய உருத்து வைக்கலாம். தாய் தகப்பன் சாகுமட்டும் இருக்கிற உரிமை. அதுக்குப் பேந்து எல்லாம் பிள்ளைக்கு. கனபேர் வைக்கிறவைதான்."

மாப்பிள்ளையின் தமையன் கொழும்பில் கடை வைத்திருக்கிற ஆள். கணக்குத் தெரிந்தவர். "அப்பிடி எழுதினால் வங்கியிலை வைக்கேலாது ஐயா. விக்கவும் ஏலாது. வாங்க வாறவன் உறுதியை வாசிச்சிட்டு, இவை ரெண்டு பேரும் எப்ப..." என்று தொடங்கியவர் மிச்சத்தை விழுங்கிக்கொண்டார்.

"முழு வீட்டுக்கும் வேண்டாமே," என்றா அவ. "ஒரு அறைக்கு. கிணத்துக்கு, கக்கூசுக்கு, ஒழுங்கைக்குப் போற பாதைக்கு. மிச்சம் துப்பரவாப் பிள்ளைக்கு."

மாப்பிள்ளையின் தாய் போனை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போனா. "ஓம் மோனே... ஒரு அறைதான்... ஓம், செத்தாப் பிறகு..." என்று கேட்டது. என் மகளுக்கு அப்போது முப்பத்தொரு வயது. மூன்று இடம் பேசிக் குழம்பி வந்த நாலாவது இடம் இது. நான் எழும்பி ரைப் மிசினுக்குக் கிட்டப் போனேன். "வேண்டாம் பிள்ளை," என்றேன். "முழுவதும் எண்டே அடி. எங்களுக்கென்ன, மகள் எங்களை இருக்க விடமாட்டாளே?"

"அம்மா, சும்மா இருங்கோ. எழுதட்டும்," என்றாள் மகள். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னாள். ஆனால் சொன்னாள்.

சம்மந்தி திரும்பி வந்து கதிரையில் இருந்தா. "சரி, எழுதுங்கோ. ஆனால் மச்சாள், வீட்டின்ரை பெறுமதி குறையுதல்லே? அதுக்கு ஆறு லட்சம் கூடப் போடுங்கோ. உடனை வேண்டாம். ஆறுதலாத் தாங்கோ."

இவர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"எந்த அறை அக்கா?" என்றா அவ.

இந்த இடத்தில்தான் நான் பிழை விட்டேன். எங்கள் வீட்டில் மூன்று அறை. வீதியைப் பார்த்த முன் அறை. நாங்கள் படுக்கிற நடு அறை. பின்னால் குசினியோடு ஒட்டினபடி வெங்காயம் கட்டித் தொங்கவிடுகிற அறை, எட்டடிக்குப் பத்தடி, மேலே காற்றுக்கு இரண்டு சின்ன ஓட்டை மட்டும். எனக்கு வேண்டியது நடு அறை. ஆனால் சம்மந்திமாருக்கு முன்னால் நல்லதைக் கேட்டு வாங்கலாமா? சாப்பிடுங்கோ என்றால் இப்பதான் சாப்பிட்டனான் என்கிறதும், அவர்கள் இன்னும் இரண்டு தரம் வற்புறுத்தின பிறகு கை கழுவப் போகிறதும்தானே நாங்கள் வளர்ந்த முறை. அதே மாதிரிச் சொன்னேன்.

"அந்த வெங்காய அறை காணும்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். "என்ன மச்சாள், நடு அறையை எடுங்கோ," என்று சம்மந்தி சொல்லுவா என்று பார்த்தேன். சம்மந்தி கைப்பையைத் திறந்து எதையோ தேடிக்கொண்டிருந்தா. தமையன் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"வடிவா யோசிச்சியளோ அக்கா?" என்றா அவ.

"ஓம் பிள்ளை. ரெண்டு பேருக்கு அது காணும்."

"வெங்காய அறைதானே?"

"ஓம், ஓம்."

இன்னும் ஒருதரம் கேட்டிருந்தால் நடு அறை என்று சொல்லியிருப்பேன். எத்தனையோ வருடமாக இதையே யோசித்துக்கொண்டு கிடக்கிறேன். ஆனால் அவ கேட்கவில்லை. அந்த அறைக்கு யன்னல் இருக்கோ என்று கேட்டா. இல்லை என்றேன். சுவர் எந்தப் பக்கம் வெளி என்று கேட்டா. கிழக்கு என்றேன். பிறகு நொத்தாரிசு ஐயாவிடம் எழும்பிப் போய்க் குனிந்து ஏதோ சொன்னா. அவர் தலையாட்டினார். அவ வந்திருந்து படபடவென்று அடித்து முடித்தா. ஐயா முழுவதையும் வாசித்துக் காட்டினார்தான். என் காதுக்குள் ஆறு லட்சம் என்கிற சத்தம் தவிர வேறொன்றும் போகவில்லை. காட்டின இடத்தில் கையெழுத்து வைத்தேன். இவரும் சம்மதக் கையெழுத்து வைத்தார். தேத்தண்ணிக் கடைக்காரர் துவாயில் கையைத் துடைத்துவிட்டுச் சாட்சி வைத்தார்.

கலியாணம் நடந்தது. மகள் கனடாவுக்குப் போனாள். நாங்கள் நடு அறையிலேயே இருந்தோம். மூன்று வருடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மகளும் மருமகனும், தங்களுக்குப் பதிலாக வீட்டைப் பராமரிக்கிற அதிகாரம் கொடுத்து, மருமகனின் தமையனுக்கு அற்றோணி எழுதி அனுப்பினார்கள். அவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, முன் பக்கத்தை ரியூசன் வகுப்புக்கு வாடகைக்கு விடப்போகிறேன் என்றார். நடு அறையும் வகுப்புக்கு வேண்டுமாம்.

"மாமி, உறுதியிலை உள்ளபடி உங்களுக்கு அந்த அறை இருக்குத்தானே," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நல்ல மரியாதையாகத்தான் சொன்னார்.

மகள் போனில் அழுதாள். "அம்மா, நீங்கள் ஏன் அண்டைக்கு அந்த அறையைச் சொன்னனீங்கள்?" என்று கேட்டாள்.

இரண்டு கட்டில் கொள்ளாது. ஒரு கட்டிலைப் போட்டு அதில் இவர் படுக்க, நான் நிலத்தில் பாய். அலுமாரியைக் குசினியில் வைத்தோம். எத்தனை தரம் சுண்ணாம்பு அடித்தும் வெங்காய வாசம் போகவில்லை. பின்னேரங்களில் சுவருக்கு அந்தப் பக்கம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் விஞ்ஞானம் பாடமாக்குகிற சத்தம் கேட்கும். நான் படிக்காத வகுப்பெல்லாம் இப்போது சுவருக்குள்ளால் படிக்கிறேன்.

இவருக்கு மூச்சு இழுக்கிற முட்டு வருத்தம் கூடினது அங்கே வந்த பிறகுதான். ஆசுப்பத்திரியில் காற்றோட்டமான இடத்தில் படுக்க விடுங்கோ என்றார்கள். கிழக்குச் சுவரில் ஒரு யன்னல் வைப்போம் என்று தமையனுக்குப் போன் எடுத்தேன்.

"அது ஏலாது மாமி. சுவர் தம்பியின்ரை மனிசியின்ரை. உங்களுக்குக் குடியிருக்கிற உரிமை மட்டும்தான், உடைக்கிற உரிமை இல்லை."

அன்றைக்கு உறுதிப் பிரதியைத் தூக்கிக்கொண்டு ரியூசன் மாஸ்டரிடம் போனேன். எழுத்துக் கூட்டி நானும் வாசிப்பேன், ஆனால் முற்றுப்புள்ளி இல்லாமல் ஒரு பக்கத்துக்குப் போகிற வசனம் எனக்கு விளங்காது. அவர் நின்றபடி வாசித்துக்கொண்டு போனவர், ஒரு இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"அம்மா, இதிலை கிடக்கே. 'மேற்படி அறையின் கிழக்குச் சுவரில் யன்னலொன்று வைத்துப் பாவிக்கும் உரிமையும்' எண்டு."

"திருப்பி வாசியுங்கோ தம்பி."

திருப்பி வாசித்தார். தமையனுக்கும் அவரே போனில் வாசித்துக் காட்டினார். அடுத்த கிழமை மேசன் வந்தான். மூன்றடிக்கு நாலடி, வேப்பம் பலகை. இப்போது இவர் தலைமாட்டை அந்தப் பக்கம் வைத்துத்தான் படுக்கிறார்.

அதற்குப் பிறகு நான் கந்தோருக்குப் போனேன். என்ன சொல்லப் போனேன் என்று எனக்கே தெரியாது. ஏன் இன்னும் ஒருதரம் கேட்கவில்லை என்று ஏசவும் மனம் இருந்தது. இவருக்கு இப்போது இரவில் கொஞ்சம் சுகம் என்று சொல்லவும் மனம் இருந்தது. அங்கே கொம்பியூட்டருக்கு முன்னால் ஒரு சின்னப் பெட்டை இருந்தாள். ரைப்பிஸ்ட் அக்கா வேலையை விட்டு நின்று கனகாலம் என்றாள். பக்கத்து வீட்டு மனிசி வேலிப் பொட்டை அடைத்துப்போட்டாவாம். முன் படலைப் பூட்டின் திறப்பை வீட்டுக்காரர் கொடுக்கவில்லையாம். வவுனியாவில் தங்கச்சியோடு இருக்கப் போய்விட்டாவாம். போன் நம்பர் இல்லை. நான் வாங்கில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழும்பி வந்தேன்.

ஆறு லட்சத்தை நான் விட்டுவிடவில்லை. விடுங்கோ அம்மா என்று மகள் சொல்லுகிறாள். விட்டால் புகுந்த வீட்டாரின் பேச்சைக் கேட்கிறவள் அவள்தான் என்று எனக்குத் தெரியும். முதலில் என் சங்கிலியை விற்று இரண்டு லட்சம் கொடுத்தேன். பிறகு வெங்காயம் நல்ல விலை போன வருடங்களில் இருபதாயிரம், முப்பதாயிரம் என்று கட்டினேன். விலை விழுந்த வருடத்திலும், எல்லாச் சாமானும் ஏறின வருடத்திலும் ஒன்றும் கொடுக்க முடியவில்லை. போன மாதம் முப்பதாயிரம் கொண்டு நல்லூருக்குப் பஸ் ஏறினேன். சம்மந்திக்கும் வயதாகிவிட்டது, முழங்காலில் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தா.

"இப்ப என்ன அவசரம் மச்சாள், வையுங்கோ உங்களிட்டை," என்றா.

"இல்லை, பிடியுங்கோ," என்றேன்.

உடனே வாங்கி, எச்சில் தொட்டு எண்ணி, அலுமாரியிலிருந்த கொப்பியை எடுத்து எழுதினா. எழுதினதை எனக்கும் திருப்பிக் காட்டினா, பிழை வரக்கூடாது என்று. இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் இன்னும் கொடுக்கக் கிடக்கிறது.